திருப்புளி எடுக்குமுன்: பேசும் வானொலியைச் சீர்செய்தலும் மாற்றியமைத்தலும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து, சென்ற பருவத்தில் தணிக்கைப் பணியின் நிமித்தம் திருப்புலி நாட்டுப் பக்கம் சென்றிருந்தோம். விளைபொருள் சேகரிக்கும் ஒரு சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் பார்வையிட்டபோது, ஒத்திவைக்கப்பட்டிருந்த ஒரு தீர்மானம் நம் கருத்தை ஈர்த்தது. சங்கத்திற்கு அன்பளிப்பாகக் கிடைத்த இரண்டு பேசும் வானொலிப் பெட்டிகளைத் 'திறந்துவிட்டு', சக்தியைக் கூட்டி, அதிகச் சானல்கள் வரும்படி மாற்றியமைக்கும் செலவுக்கு அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம்.

காரணம் கேட்டோம். முந்திய பருவத்தில் ஒரு நாள், அன்னாசிச் சுமை கொட்டகையில் ஆயத்தமாயிருக்க, அதை ஏற்ற வரவேண்டிய லாரி அடிவாரத்திலேயே பழுதாகி நின்றுவிட்டது. கொட்டகை பள்ளத்தில் இருப்பதால் அங்கே கைப்பேசி எட்டவில்லை. செய்தி தெரியாமல் பழம் இரண்டு இரவு கிடந்தது. நட்டம் அங்கத்தினர்கள் தலையில் விழுந்தது. "கீழேயிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் சோளக்காட்டுச் சந்தைக்காவது தூக்கிக்கொண்டு போயிருப்போம், ஐயா" என்று ஒரு பெரியவர் கூறியது இன்னும் நம் காதில் நிற்கிறது.

அவர்களுடைய நோக்கம் நல்லதே. ஆயினும் அவர்கள் எண்ணிய வழி தகுந்ததுதானா என்பதைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டியிருந்தது. அங்கு நாம் கூறியவற்றை, பிற சங்கத்தாருக்கும் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகிறோம்.

சுருக்கம் இதுதான். சீர்செய்தல் வேறு, மாற்றியமைத்தல் வேறு. சங்கத்தின் தராசில் தட்டுகள் சமமாக நில்லாதபோது அவற்றைச் சமன்செய்வது சீர்செய்தல். படிக்கல்லின் அடியைத் தேய்த்து எடையை வேறாக்குவது மாற்றியமைத்தல். முன்னது கடமை, பின்னது குற்றம். வானொலிப் பெட்டிக்கும் இந்த நியாயம் பெரும்பாலும் பொருந்தும்.

இது எவ்வகை வானொலி?

வானொலி என்றதும் உழவர் நினைவுக்கு வருவது கேட்கும் பெட்டி. 1960களில் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 என்ற நெல் பரவியபோது, திருச்சி வானொலியின் வாயிலாக அதன் சிறப்பை அறிந்த உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். ஒரு செய்தி உரிய காலத்தில் வயலை எட்டினால் என்ன விளையும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் அது ஒருவழிச் செய்தி. நாம் இங்கு பேசுவது இருவழிப் பெட்டியைப் பற்றி. இதனைக் குடிமக்கள் அலைவரிசை வானொலி என்றும், சுருக்கமாகச் சி.பி. வானொலி என்றும் கூறுவர். அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டு 27 மெகாஹெர்ட்ஸ் அருகில் 23 சானல்களோடு இது தொடங்கிற்று. 1977இல் சானல்கள் 40 ஆயின. அங்கே லாரி ஓட்டுநர்களிடையே இது பெரிதும் பரவியது. நம் நாட்டில், 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், 5 வாட்டுக்கு மேற்படாத கதிர்வீச்சு ஆற்றலுடைய கருவிகளுக்கு உரிமம் வேண்டாமென மத்திய அரசு 2005ஆம் ஆண்டில் விதி செய்தது. பிறர்க்கு இடையூறு செய்யலாகாது. பிறரால் நமக்கு இடையூறு நேர்ந்தால் பாதுகாப்புக் கோரவும் இயலாது என்பது அவ்விதியின் நிபந்தனை.

இந்நிபந்தனையின் காரணம் நெசவாளர்க்குச் சுவையானது. இதே அலைப்பகுதி தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் உரியது. அதன் நடுப்புள்ளி 27.12 மெகாஹெர்ட்ஸ். பெரிய சாயத் தொழிற்கூடங்களில் நனைந்த நூற்கண்டுகளை உள்ளிருந்தே சூடாக்கி உலர்த்தும் வானலை உலர்த்திகள் பல இவ்வெண்ணிலேயே இயங்குகின்றன. நூலை உலர்த்தும் அலையும், அன்னாசி லாரிக்காகப் பேசும் அலையும் ஒரே வீதியில் நடக்கின்றன. ஆகவே, ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்தே நடத்தல் வேண்டும்.

சுருதி சேரும் விதம்

பெட்டியைத் திறந்தால் சிறு தகர டப்பிகள் வரிசையாகக் காணப்படும். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு துளையும், அதனுள் திருகக்கூடிய ஒரு கருவும் இருக்கும். டப்பிக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள். அதனோடு ஒரு மின்தேக்கி சேர்ந்திருக்கும். இவ்விரண்டும் சேர்ந்ததே சுருதிச் சுற்று.

ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். அதன் கயிற்று நீளத்திற்கேற்ற ஒரு தாளம் அதற்கு உண்டு. அத்தாளத்தில் தள்ளினால் சிறு விரலாலேயே பெரிதாக ஆடும். தாளம் தவறித் தள்ளினால் எவ்வளவு வலிமையும் வீணாகும். சுருதிச் சுற்றும் அத்தகையதே. தனக்குரிய அலை வரும்போது பெரிதும் ஆடி அதனை மேலே அனுப்பும், ஏனையவற்றை அடக்கிவிடும். உள்ளிருக்கும் கருவைத் திருகினால் சுருளின் மின்தூண்டல் மாறி, தாளமும் மாறும். மின்தூண்டல் நூற்றுக்கு இரண்டு பங்கு மாறினால் தாளம் நூற்றுக்கு ஒரு பங்கு மாறும். 27 மெகாஹெர்ட்ஸில் ஒரு பங்கு என்பது 270 கிலோஹெர்ட்ஸ். சானலுக்குச் சானல் இடைவெளி பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸே ஆதலின், சிறு திருகலும் எத்தனை தூரம் கொண்டுபோய்விடும் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஒரே சுற்று போதாது. பல சுற்றுகள் படிப்படியாக வேலை செய்கின்றன. சாதாரணமான ஒரு பெட்டியில், ஏரியல் வழி வரும் 27 மெகாஹெர்ட்ஸ் அலை முதலில் 10.695 மெகாஹெர்ட்ஸாகவும், பின்பு 455 கிலோஹெர்ட்ஸாகவும் இறக்கப்பட்டு, அதன்பின்னரே குரலாக மாறுகிறது. எந்தச் சானல் என்பதைப் படிகமும் அதனைச் சார்ந்த சுற்றும் நிர்ணயிக்கின்றன. அந்தச் சானல் எவ்வளவு வலிவாக வந்து சேரும் என்பதைச் சுருள்கள் நிர்ணயிக்கின்றன. பாவில் ஒவ்வோர் இழையும் நல்ல இழையாயிருந்தும், இழுப்பு ஒன்றாயில்லாவிடில் துணி கோணுவதுபோல, படிகள் அனைத்தும் ஒரே சுருதியில் நில்லாவிடில் பெட்டி மந்தமாகிவிடும். அவற்றை ஒருமுகப்படுத்துவதே சீர்செய்தல்.

சுருதி குலைவது ஏன்?

மலையின் ஈரப்பனி, பகலிரவு வெப்ப வேறுபாடு, 70 வளைவுகளிலும் லாரி குலுங்கும் குலுக்கம், மின்தேக்கிகளின் முதுமை ஆகியவை சில காரணங்கள். எனினும், இவற்றால் நேரும் பிசகு சிறியதாகவே இருக்கும். பெரும்பிசகுக்குக் காரணம் மனிதர் கையே.

இதனை நாம் அனுபவத்தில் அறிவோம். கல்லூரி நாளில், பாட்டனார் வைத்திருந்த பழைய வானொலிப் பெட்டி சற்றுக் கரகரத்தது. திறந்து பார்த்தோம். டப்பிகளின் உள்ளே திருகுகள் தளர்ந்திருப்பதாகத் தோன்றிற்று. 'தளர்ந்த திருகை இறுக்குவது நல்லதுதானே' என்று இரும்புத் திருப்புளியால் ஒவ்வொன்றையும் அடிவரை இறுக்கினோம். கரகரப்பும் போயிற்று, பாட்டும் போயிற்று. இரண்டு கருக்கள் பிளந்தும் விட்டன. அவற்றை மாற்றிச் சீராக்க, பழுது பார்ப்பவருக்கு ஒரு பகல் முழுதும் பிடித்தது. கரகரப்புக்கு உண்மைக் காரணம் ஒலியளவுக் குமிழில் படிந்திருந்த தூசு என்று அவர் சொன்னபோது நாம் தலைகுனிந்தோம். திருப்புலி நாட்டில் திருப்புளியைப் பற்றி இத்துணை எச்சரிக்கை செய்யும் உரிமை நமக்கு அவ்வாறு வந்தது.

ஆதலின் சுருளைத் தொடுமுன் பார்க்கவேண்டியவை பல. மின்கலத்தின் முனைகளில் பாசி பிடித்துள்ளதா? உருகு கம்பி சரியானதா? ஒலிவாங்கியின் கம்பி மடிப்பில் அறுந்துள்ளதா? ஏரியல் இணைப்பில் நீர் புகுந்துள்ளதா? இவற்றிலேயே பெரும்பாலான குறைகள் தீர்ந்துவிடும்.

சீர்செய்யும் முறை

மேற்கூறியவை யாவும் நன்றாயிருந்தும் பெட்டி மந்தமாயிருப்பின், கருவிகளும் பயிற்சியும் உடைய ஒருவரிடமே கொடுத்தல் வேண்டும். எனினும் அவர் செய்யும் வேலை இன்னது என்று நிர்வாகிகள் அறிந்திருந்தால், பில்லைச் சரிபார்ப்பதும் எளிதாகும்.

கேட்கும் பகுதிக்கு முதலில் வேண்டியது சிக்னல் ஜெனரேட்டர் எனப்படும் அளவுக் கருவி. சானல்களின் நடுவே ஒன்றைத் தேர்ந்து, மிக மெல்லிய அலையைப் பெட்டிக்குள் செலுத்துவர். மெல்லியதாயிருத்தல் அவசியம். வலிய அலை வந்தால் பெட்டியின் தானியங்கு ஒலிக்கட்டுப்பாடு வேலை செய்து, உச்சத்தையும் சரிவையும் ஒன்றேபோல் காட்டிவிடும். ஒலி வெளிவரும் இடத்தில் ஒரு மீட்டரை இணைத்து, கடைசிப் படியாகிய 455 கிலோஹெர்ட்ஸ் டப்பிகளில் தொடங்கி, பின்னோக்கி 10.695 மெகாஹெர்ட்ஸ் டப்பிகளுக்கும், இறுதியில் ஏரியல் சுருளுக்கும் வருவர். ஒவ்வொன்றிலும் முள் உச்சம் தொடும் இடத்தில் நிறுத்துவர். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று சிறிது அசையுமாதலால், முழு வரிசையையும் இரண்டாம் முறையும் செய்வர். பின்னர் முதற் சானலிலும் கடைசிச் சானலிலும் சோதித்து, இரு முனைகளும் ஏறத்தாழச் சமமாக உள்ளனவா என்று பார்ப்பர்.

திருகுவதற்குப் பிளாஸ்டிக் அல்லது அதுபோன்ற உலோகமல்லாத கோலே உரியது. இரும்புக் கருவி சுருளருகே சென்றாலே சுருதி மாறும். உச்சம் கண்டு கருவியை எடுத்தவுடன் அந்த உச்சம் நழுவிவிடும். அன்றியும், ஒவ்வொரு கருவும் முதலில் எந்நிலையில் இருந்தது, எத்தனைச் சுற்று எப்பக்கம் திருகப்பட்டது என்பதைக் குறித்துக்கொண்டே செய்யவேண்டும். வரவு செலவைக் குறிக்காமல் பணத்தைக் கையாளுவது எப்படியோ, அப்படியே இதுவும்.

பேசும் பகுதிக்கு வேறு எச்சரிக்கை தேவை. ஏரியலோ, அதற்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் தடையோ இல்லாமல் பேசும் விசையை அழுத்தவே கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல் கடைசி டிரான்சிஸ்டரையே அழித்துவிடக்கூடும். டம்மி லோடு எனப்படும் அத்தடையையும் மின்னளவு மீட்டரையும் இணைத்து, உற்பத்தியாளர் குறித்த அளவு வரும்வரை சுருள்களைத் திருத்துவர். சி.பி. பெட்டிகளில் அவ்வளவு பெரும்பாலும் 4 வாட். அலையின் எண் சரிதானா என்று அலை எண்ணியால் சோதிப்பர். இறுதியாக, 54 மெகாஹெர்ட்ஸில் எழும் இரட்டை அலையை அடக்கும் சுருளைத் திருத்துவர். ஏனைய சுருள்களை உச்சத்திற்குத் திருத்துவோம். இதனை மட்டும் மிகக் குறைந்த அளவுக்குத் திருத்தவேண்டும். இவ்வேறுபாட்டை அறியாதவரிடம் பெட்டியைக் கொடுத்தல் ஆகாது.

மாற்றியமைத்தல்

இனி, அந்தத் தீர்மானத்திற்கு வருவோம். 'திறந்துவிடுதல்' என்று பழுதுபார்ப்பவர் சொன்னதில் மூன்று செயல்கள் அடங்கியிருந்தன.

முதலாவது, அதிகச் சானல்கள். 40 சானல் பெட்டியில் முதல் சானல் 26.965 மெகாஹெர்ட்ஸ், 27ஆம் சானல் 27.275, 28ஆம் சானல் 27.285, 40ஆம் சானல் 27.405. நம் நாட்டு விலக்கு 27.283இலேயே முடிகிறது. ஆகவே 28 முதல் 40 வரையிலுள்ள 13 சானல்கள் இப்பெட்டியில் இருப்பதே அதிகம். அதற்கு மேலும் திறப்பது, பிறர் நிலத்தில் வேலி போடுவதையே ஒக்கும். மலைக்கும் அடிவாரத்துக்கும் பேச ஒரு சானல் போதும். மாற்றாக இன்னொன்று இருந்தால் மிகப் போதும்.

இரண்டாவது, சக்தியைக் கூட்டுதல். 4 வாட்டை 8 வாட் ஆக்கினால் இருமடங்கு தூரம் பேசலாம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. இருமடங்கு ஆற்றல் என்பது 3 டெசிபெல்தான். கேட்கும் பெட்டியின் வலிமைமானியில் ஒரு கோடு ஏறுவதற்கு 6 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். எதிர்முனையில் இருப்பவருக்கு வேறுபாடு தெரிவதே அரிது. ஆனால் டிரான்சிஸ்டரின் சூடும் மின்கலத்தின் செலவும் நன்றாகவே தெரியும். 5 வாட் என்ற வரம்பும் மீறப்படும்.

மூன்றாவது, குரலை மட்டுப்படுத்தும் சுற்றை அறுத்துவிடுதல். குரல் உரத்துக் கேட்கும் என்பர். கேட்பது உரத்த குரலன்று, சிதைந்த குரலே. அது தன் சானலில் அடங்காமல் பக்கத்துச் சானல்களிலும் தெறிக்கும். கூட்டத்தில் கத்திப் பேசுபவர் பேச்சு விளங்காததோடு பிறர் பேச்சையும் கெடுப்பதைப் போன்றது அது.

எங்கே செலவிடுவது?

நியாயமான மாற்றம் ஒன்று உண்டு. அது பெட்டிக்குள் இல்லை. பெட்டிக்கு வெளியே, ஏரியலில் இருக்கிறது.

27.12 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதில் காற்பங்கு, ஏறத்தாழ 9 அடி உயரமுள்ள கோல், அடியில் முறையான தரைக் கம்பிகளோடு நின்றால் அதுவே நல்ல ஏரியல். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் கொண்டு, கோலைச் சிறிது சிறிதாகக் குறைத்தோ கூட்டியோ திரும்பி வரும் ஆற்றல் மிகக் குறையும் நிலையைக் காணவேண்டும். இதுவும் சுருதி சேர்த்தலே. பெட்டியைத் திறக்காமல் செய்யும் சேர்ப்பு. மெல்லிய ஏரியல் கம்பியை 100 அடி இழுத்தால், இவ்வலையில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கு ஆற்றல் வழியிலேயே கரைந்துபோகும். ஆகவே கம்பி குறுகியதாகவும் தரமானதாகவும் இருத்தல் நலம்.

இடமே எல்லாவற்றினும் முக்கியம். 27 மெகாஹெர்ட்ஸ் அலை மேட்டின் விளிம்பில் சிறிது வளையுமேயன்றி, மலையை ஊடுருவாது. கொட்டகை பள்ளத்தில் இருப்பின், நூறு வாட்டும் பயனற்றுப்போகலாம். அதே பெட்டியை அடிவாரம் கண்ணுக்குத் தெரியும் விளிம்பில் வைத்தால் 4 வாட்டே தாராளம். ஆனால் உயரமான இடத்துக் கோல் இடியையும் அழைக்கும். நிலத்தொடர்பு அமைக்காமல் ஏரியல் நிறுத்தலாகாது. மழைமேகம் கண்டதும் இணைப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். பெட்டி போனால் வாங்கலாம். காவற்காரர் உயிரை வாங்க முடியாது.

சங்கம் செய்யத்தக்கது

அந்தச் சங்கத்தாரிடம் நாம் கூறியவை இவை. முதலாவது, பெட்டிகளின் உற்பத்தியாளர் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்து, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவுக்கு எழுதி, இவற்றைப் பயன்படுத்தலாமா, எந்நிபந்தனைகளோடு என்று எழுத்து மூலம் பதில் பெறவேண்டும். விதிகள் காலந்தோறும் திருத்தப்படுவதால், வாய்மொழியை நம்பிப் பொதுப்பணத்தைச் செலவிடலாகாது. இரண்டாவது, பதில் வரும்வரை பேசும் விசையை அழுத்தலாகாது. மூன்றாவது, அனுமதி கிடைத்தபின், மாற்றியமைப்பதற்கு அன்றிச் சீர்செய்வதற்கு மட்டுமே செலவு அனுமதிக்கவேண்டும். செய்த வேலையின் விவரத்தையும், முன்னும் பின்னும் கண்ட அளவுகளையும் பில்லோடு கேட்டு வாங்கவேண்டும். நான்காவது, இப்பெட்டிகள் தகா என்று பதில் வந்தால், உரிமத்தோடு கிடைக்கும் வேறு கைவானொலிகளின் விலையை விசாரிக்கவேண்டும். மலிவாக வந்தது என்பதற்காகத் தவறானதை வைத்துக்கொள்வது சிக்கனம் அன்று.

இதைக் கேட்டு ஓர் இளைஞர், "அதுவரை பழம் அழுகட்டுமா, ஐயா?" என்று வினவினார். நியாயமான கேள்வி. வானொலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசி எட்டும் மேட்டில் அறுவடை நாட்களில் ஓர் அங்கத்தினர் முறைவைத்து அமர்ந்து, காலையும் மாலையும் குறித்த நேரத்தில் அடிவாரத்தோடு பேசுவது என்று அன்றே ஏற்பாடு செய்யப்பட்டது. செலவு, ஒருவருடைய அரைநாள் கூலி. அந்த முறைப் பட்டியலில் முதற்பெயரைத் தம்முடையதாக எழுதச் சொன்னவர், முன்பு நம்மிடம் பேசிய அந்தப் பெரியவரே.

ஒத்திவைக்கப்பட்டிருந்த தீர்மானத்தில் 'மாற்றியமைக்கும்' என்ற சொல் அடிக்கப்பட்டு, 'சீர்செய்யும்' என்ற சொல் எழுதப்பட்டது. 'எழுத்து மூலம் அனுமதி கிடைத்தபின்' என்ற தொடரும் சேர்க்கப்பட்டது. பெட்டிகள் இரண்டும் உறையிட்டு அலமாரியில் இருக்கின்றன. இருப்புப் பதிவேட்டில் அவற்றை ஏற்றிக் கையெழுத்திட்ட பின்னரே நாம் மலையிறங்கினோம்.